ஷெர்லாக் ஹோம்ஸாகப் பத்து வருடம்... ஜெரிமி ப்ரெட்டை அந்த வேடம் என்ன செய்தது?

ஷெர்லாக் ஹோம்ஸ்னு சொன்னதும் உங்க மனசுல யார் முகம் வருது? பெனடிக்ட் கம்பர்பேட்ச்சா, ராபர்ட் டௌனி ஜூனியரா? கையில் மொபைலோடு லண்டன் தெருக்களில் ஓடும் ஹோம்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். தப்பே இல்லை. ஆனா, ஆர்தர் கோனன் டாயிலின் கதைகளை வரி விடாமல் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்க, பலரும் வேறொரு பெயர்தான் சொல்வாங்க... ஜெரிமி ப்ரெட்.

1984-லிருந்து 1994 வரை, பிரிட்டனின் ஐ.டி.வி சேனலுக்காக கிரனடா நிறுவனம் எடுத்த தொடரில் ஹோம்ஸாக நடித்தவர். மொத்தம் 41 எபிசோடுகள். அவர் இறந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஹோம்ஸ் ரசிகர்களின் சண்டையில் அவர் பெயர் வராமல் இருக்காது.

இந்த வேடத்துக்கு அவர் என்ன கொடுத்தார், வேடம் அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டது... அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப்போறோம்.

கோட்டில் இருந்து வந்த பெயர்

ப்ரெட் என்பது அவர் குடும்பப் பெயரே இல்லை. பீட்டர் ஜெரிமி வில்லியம் ஹக்கின்ஸ் என்பதுதான் நிஜப்பெயர். 1933 நவம்பர் 3-ம் தேதி, இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள பெர்க்ஸ்வெல்லில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. அம்மா, நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த கேட்பரி சாக்லேட் குடும்பத்தைச் சேர்ந்தவர். படித்தது ஈட்டனில். பிரிட்டனின் பிரதமர்கள் பலரைத் தந்த அதே பள்ளிதான்.

இப்படி ஒரு வீட்டுப் பையன் கூத்தாடப் போகிறேன் என்று கிளம்பினால் என்ன நடக்கும்? நம்ம ஊரில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. நடிப்பதாக இருந்தால் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் அதிகம் யோசிக்கவில்லை. தான் போட்டிருந்த முதல் சூட்டில் தைத்திருந்த கம்பெனி லேபிளைப் பார்த்தார். ப்ரெட் என்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்.

அப்பாவைவிடப் பெரிய தடை அவர் வாயிலேயே இருந்தது. ஆங்கில 'ர' உச்சரிப்பு அவருக்கு வராது. போதாததற்கு டிஸ்லெக்ஸியா வேறு. எழுத்துகள் கண்முன்னே குழம்பும். வசனத்தைப் படித்து, மனப்பாடம் செய்து, சத்தமாகப் பேசுவதே தொழில் என்று போகிறவருக்கு இரண்டும் ஒன்றாக வந்தால் எப்படி? நாக்கின் அடியில் இழுத்துப் பிடித்திருந்த சவ்வை டீன் ஏஜில் ஆபரேஷன் செய்து சரிசெய்தார்கள். அதோடு விடவில்லை அவர். உச்சரிப்புப் பயிற்சியை வாழ்நாள் முழுக்கத் தினமும் செய்தார். ஹோம்ஸாக அவர் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் கத்தியால் நறுக்கியது மாதிரி விழும். அதன் பின்னால் இருப்பது இந்தப் பயிற்சிதான்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவர் இதயத்தைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னால் வரும்.

மேடையே வீடு

லண்டனின் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஸ்பீச் அண்ட் டிராமாவில் படித்துவிட்டு, 1954-ல் மான்செஸ்டரில் மேடை ஏறினார். அடுத்து ஓல்ட் விக் நாடகக் குழு. 1956-ல் 'வார் அண்ட் பீஸ்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்கு சகோதரனாக நடித்தார். 1961-ல் லண்டனில் ஹாம்லெட். பிரிட்டிஷ் நடிகர்களுக்கு ஹாம்லெட் ஒரு பரீட்சை மாதிரி. 28 வயதுக்குள் அதை எழுதிவிட்டார்.

நீங்கள் அவரைத் தெரியாமலே பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. 1964-ல் வந்த 'மை ஃபேர் லேடி'யில், கதாநாயகி வீட்டு வாசலில் காதலோடு பாடிக்கொண்டு நிற்பாரே ஃப்ரெடி... அவர்தான். இதில் ஒரு வேடிக்கை, பாட்டுக் குரல் அவருடையது இல்லை. பில் ஷர்லி என்ற பாடகரை வைத்து டப் செய்துவிட்டார்கள். இத்தனைக்கும் ப்ரெட் நன்றாகவே பாடுவார்!

பிறகு லாரன்ஸ் ஒலிவியே நடத்திய நேஷனல் தியேட்டர். 1967-ல் ஆண்களே எல்லா வேடங்களையும் ஏற்ற 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஆர்லாண்டோ. 1970-ல் ஒலிவியே ஷைலாக்காக நடித்த 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்'ஸில் பஸ்ஸானியோ. அதே வருடம் இங்மர் பெர்க்மன் இயக்கத்தில் மேகி ஸ்மித்துடன் 'ஹெட்டா காப்லர்'. ஹாரி பாட்டரின் மெக்கானகல் டீச்சர்தான் அந்த மேகி ஸ்மித்.

முதல் மனைவி ஆனா மாஸியும் நடிகைதான். 1958-ல் கல்யாணம், 1962-ல் விவாகரத்து. 1979-ல் பி.பி.சி 'ரெபெக்கா'வைத் தொடராக எடுத்தபோது, ப்ரெட் கதாநாயகன். அந்த வீட்டையே பயமுறுத்தும் மிஸஸ் டான்வர்ஸ் யார் தெரியுமா? அதே ஆனா மாஸி. முன்னாள் கணவனும் மனைவியும் ஒரே செட்டில் அந்தக் கதையில் நடித்ததைக் கற்பனை செய்து பாருங்க. ஆனா மாஸியின் அப்பா ரேமண்ட் மாஸியும் ஒரு நடிகர். 1931-லேயே சினிமாவில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தவர். ஆக, மாமனார் போட்ட வேஷம்தான் பின்னால் மருமகனைத் தேடி வந்தது.

ஆனால் ஹோம்ஸுக்கு முன்னால் வாட்ஸன் வந்தார். 1980-ன் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் 'தி க்ரூசிஃபர் ஆஃப் பிளட்' என்ற நாடகம். 'பென்-ஹர்' புகழ் சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸ், ப்ரெட் டாக்டர் வாட்ஸன்.

77 பக்க ஃபைல்

கிரனடாவில் தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸுக்கு ஒரு ஆசை. அதுவரை வந்த ஹோம்ஸ் படங்களில் ஹோம்ஸ் இருந்தார், கோனன் டாயில் இல்லை. வளைந்த பெரிய பைப், வாட்ஸனை ஒரு மண்டு மாதிரி காட்டுவது எல்லாம் மேடையும் சினிமாவும் ஒட்டவைத்தவை. அதையெல்லாம் உரித்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்ப நினைத்தார் காக்ஸ். ஹோம்ஸ் என்ன சாப்பிடுவார், எப்படி உட்காருவார், எதற்குக் கோபப்படுவார் என்று கதைகளிலிருந்து பொறுக்கி எடுத்து 77 பக்கத்தில் ஒரு ஃபைலே தயாரானது. மான்செஸ்டர் ஸ்டூடியோவில் பேக்கர் தெருவையே கட்டினார்கள்.

இந்த விஷயத்தில் காக்ஸையே மிஞ்சினார் ப்ரெட். ஒத்திகைக்கு வரும்போது கையில் டாயிலின் புத்தகம் இருக்கும். ஸ்கிரிப்ட் மூலக்கதையை விட்டு விலகினால் அவ்வளவுதான், வாக்குவாதம். கதைகள் முதலில் வெளியான 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் சிட்னி பேஜெட் வரைந்த படங்களை வைத்துக்கொண்டு, அதே போஸில் உட்கார்ந்தார், நின்றார். லண்டன் நகரத்துக்குள் அவருடைய ஹோம்ஸ் காது மறைக்கும் அந்தத் தொப்பியைப் போடுவதில்லை, உயரமான டாப் ஹேட்தான்.

1984 ஏப்ரல் 24, முதல் எபிசோடு. திடீரென்று சோபாவைத் தாண்டிக் குதிக்கும் உடம்பு, மின்னல் மாதிரி வந்து மறையும் சிரிப்பு, எதிராளி பேசும்போது பாதி மூடிய கண். சில வினாடிகளில் உற்சாகத்தின் உச்சிக்குப் போவார், அடுத்த காட்சியில் சுருண்டு படுத்துக்கிடப்பார். அது நடிகர் சேர்த்த மசாலா இல்லை. கேஸ் இல்லாத நாள்களில் சோபாவில் விழுந்து, நாள்கணக்கில் பேசாமல் கிடப்பவர் என்றுதான் டாயிலே எழுதியிருக்கிறார். ப்ரெட்டுக்கு அந்த இரண்டு துருவங்களும் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவையாக இல்லை என்பது பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1985-க்குப் பிறகு

இரண்டாவது மனைவி ஜோன் வில்சன் அமெரிக்கர். பாஸ்டனில் பொதுத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். ஹோம்ஸ் தொடர் அமெரிக்காவில் ஒளிபரப்பானதே அவர் பொறுப்பில் இருந்த 'மிஸ்டரி!' நிகழ்ச்சியில்தான். அவரை கேன்சர் பிடித்தது. 1985 ஜூலை 4-ம் தேதி இறந்தார். ஹோம்ஸ் சுவிட்சர்லாந்தின் ரைஹன்பாக் அருவியில் விழும் 'தி ஃபைனல் ப்ராப்ளம்' எபிசோடு பிரிட்டிஷ் டி.வி-யில் வந்தது அதே செப்டம்பரில்.

துக்கத்தோடுதான் அடுத்த சீசனுக்குத் திரும்பினார். முதல் சீசன்களின் வாட்ஸனான டேவிட் பர்க் விலகியிருந்தார். அந்த இடத்துக்கு எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். 1986-ல் ப்ரெட் மனமுடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அன்று 'மேனிக் டிப்ரஷன்' என்றும், இன்று பைபோலார் டிஸார்டர் என்றும் சொல்லப்படும் நோய். டாக்டர்கள் லித்தியம் கொடுத்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். லித்தியம் எத்தனையோ பேரை நிமிர்ந்து நிற்க வைத்த மருந்து, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ப்ரெட்டின் சிக்கல், அவர் உடம்பில் ஏற்கெனவே பழுதான ஒரு இதயம் இருந்தது. சிகரெட்டும் கணக்கு வழக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. முகம் உப்பியது. குச்சி மாதிரி இருக்க வேண்டிய ஹோம்ஸ், வருடத்துக்கு வருடம் கேமரா முன்னாலேயே கனமாகிக்கொண்டு போனார்.

'தி டெவில்ஸ் ஃபுட்' எபிசோடை அவசியம் பாருங்க. 1988-ல் வந்தது. கதையில் ஹோம்ஸ் உடல்நலம் கெட்டு, டாக்டர் சொன்னதால் ஓய்வுக்காக கார்ன்வால் கடற்கரைக்கு வருகிறார். ப்ரெட்டும் அப்போது தேறிக்கொண்டிருந்தவர்தான். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு காட்சி, டாயில் எழுதாதது. போதை ஊசியை ஹோம்ஸ் கடற்கரை மணலில் புதைத்துவிடுவார். கதைகளில் ஹோம்ஸ் கொக்கெய்ன் போடுபவர். விக்டோரியா காலத்தில் அது சட்டவிரோதம் கிடையாது. ஆனால் இந்தத் தொடரைக் குழந்தைகளும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், டாயிலின் மகள் ஜீன் கோனன் டாயிலிடம் அனுமதி வாங்கி அந்தக் காட்சியை வைத்தார். ஒரு வரி மாறினால் சண்டைக்கு நிற்பவர், தானே மூலக்கதையை மீறிய இடம் இது. எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்த நிமிடமும் இதுதான்.

நோயோடு அவர் வீட்டில் உட்காரவில்லை என்பது இன்னொரு ஆச்சர்யம். ஜெரிமி பால் எழுதிய 'தி சீக்ரெட் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' நாடகத்தை 1988-ல் லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில் தொடங்கினார். மேடையில் ஹோம்ஸும் வாட்ஸனும் மட்டும்தான், அவரும் ஹார்ட்விக்கும். ஒரு வருடம் ஓடியது. பகலில் டி.வி-யில் செய்த வேடத்தை ராத்திரி மேடையிலும் செய்வது ஓய்வு ஆகுமா? ஆகாது. ஆனால் மேடைதான் அவருக்குத் தெரிந்த வீடு.

தொண்ணூறுகளில் தொடர் கொஞ்சம் தடம் மாறியது. சின்னச் சிறுகதைகளை இழுத்து இரண்டு மணி நேரப் படங்களாக்கினார்கள். 1993-ல் வந்த 'தி லாஸ்ட் வாம்பயர்', 'தி எலிஜிபிள் பேச்சலர்' இரண்டிலும் டாயிலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தோடு ஒத்திகைக்கு வந்த மனிதர் பெயரில் இப்படி ஒன்றா என்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

1994-ல் வந்த கடைசி ஆறு எபிசோடுகளில் மூச்சு வாங்குவது திரையிலேயே தெரியும். 'தி மஸாரின் ஸ்டோன்' எடுக்க வேண்டிய நேரத்தில் அவரால் வர முடியவில்லை. கதையை மாற்றி, துப்புத் துலக்கும் வேலையை அண்ணன் மைக்ராஃப்ட்டிடம் கொடுத்தார்கள். மைக்ராஃப்ட்டாக நடித்தவர் சார்ல்ஸ் கிரே, ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வில்லன். ஹோம்ஸ் தொடக்கத்திலும் முடிவிலும் தலைகாட்டுவதோடு சரி.

டாயில் எழுதியவை மொத்தம் 60 கதைகள். அத்தனையையும் முடித்துவிட வேண்டும் என்பது ப்ரெட்டின் ஆசை. 'தி கார்ட்போர்டு பாக்ஸ்' 1994 ஏப்ரல் 11-ம் தேதி ஒளிபரப்பானது. அதோடு தொடர் நின்றது.

அடுத்த வருடம், பைபோலார் நோயாளிகளுக்காக இயங்கிய 'மேனிக் டிப்ரஷன் ஃபெலோஷிப்' அமைப்புக்கு நிதி கேட்டு பி.பி.சி ரேடியோவில் பேசினார். மனநோயைப் பிரபலங்கள் மூடி மறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இது எனக்கு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1995 செப்டம்பர் 12, லண்டனின் க்ளாப்பம் பகுதியில் உள்ள வீட்டில் தூக்கத்திலேயே இதயம் நின்றது. வயது 61. அவர் சின்ன வேடத்தில் நடித்த 'மோல் ஃபிளாண்டர்ஸ்' அடுத்த வருடம்தான் வெளியானது.

பார்க்கத் தொடங்குவதாக இருந்தால் 'தி ரெட்-ஹெடட் லீக்'கில் ஆரம்பிங்க. சிவப்புத் தலைமுடி இருப்பதற்காகச் சம்பளம் வாங்கிய ஒருவரின் கதை. அவர் சொல்வதைக் கேட்டு ஹோம்ஸும் வாட்ஸனும் அடக்க முடியாமல் சிரிக்கும் இடம் ஒன்று வரும். நடிப்பு மாதிரியே இருக்காது.