கொடைக்கானலில் வாழ்ந்த இத்தாலிப் பாட்டி

தம்பி, தங்கைகளே! பெரியகுளத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். மேகம் தவழும் அந்த மலையின் மேல்தான் கொடைக்கானல் இருக்கிறது. பஸ் போக ரோடு இல்லாத காலத்தில், பெரியகுளம் பக்கமிருந்துதான் நடந்தும் டோலியிலும் அங்கே ஏறினார்கள். அந்த ஊரில் 1942 முதல் 1944 வரை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி வாழ்ந்தார். அவர் பெயர் மரியா மாண்டிசோரி. 'மாண்டிசோரி பள்ளி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான்!

1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தார். ஆசிரியை ஆகும்படி பெற்றோர் சொன்னார்கள். மாட்டேன் என்று அடம் பிடித்து மருத்துவம் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த நாட்டில் பெண் டாக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது.

1907-ல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்பா, அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் சுவரில் கிறுக்கிக்கொண்டு திரிவார்கள். சுமார் 50 குழந்தைகளுடன் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது.

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அதற்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றவர்கள் பாடினார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி வைத்தும் பார்த்தார் மரியா. அவள் நிமிரவே இல்லை! நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

இன்னொரு நாள், அலமாரியைப் பூட்ட மறந்துபோன ஆசிரியை தாமதமாக வந்தார். பிள்ளைகள் அதைத் திறந்து, வேண்டிய சாமான்களைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது திருட்டு என்று ஆசிரியை நினைத்தார். மரியாவோ, எது வேண்டும் என்று குழந்தைக்கே தெரிந்திருக்கிறதே என்று வியந்தார். அதன்பிறகு பூட்டு இல்லை. கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி வந்தது.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகினார்கள் அந்தக் குழந்தைகள். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்களே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். ஒருநாள் மொட்டை மாடியில் ஒரு சிறுவனிடம் சாக்பீஸைக் கொடுத்து, புகைபோக்கியை வரையச் சொன்னார் மரியா. வரைந்து முடித்தவன், திடீரென்று தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். 'கை', 'புகைபோக்கி', 'கூரை' என்று தரையில் எழுதித் தள்ளினான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை!

இந்தப் பள்ளிகள் பல நாடுகளில் பரவின. ஆனால் சர்வாதிகாரிகளுக்கு இவை பிடிக்குமா? சொன்னதை மட்டும் செய்யும் பிள்ளைகள்தானே அவர்களுக்கு வேண்டும்? 1930-களில் முசோலினியின் இத்தாலியிலும், ஹிட்லரின் ஜெர்மனியிலும் மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. மரியா தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

1939-ல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்புவதாகத்தான் திட்டம். 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும், ஆங்கிலேய அரசு அவரை எதிரி நாட்டவர் ஆக்கிவிட்டது. மகன் மரியோவைச் சிறை முகாமில் அடைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்த நாளையொட்டித்தான் அவரை விடுவித்தார்கள். போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை.

அப்படித்தான் நம் மலைக்கு வந்து சேர்ந்தார். சும்மா இருந்தாரா? மகனோடு சேர்ந்து சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். இலையும் பூச்சியும் மழையும்தான் பாடம். ஆறு முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள், அதாவது உங்களில் பலர், எப்படிக் கற்கலாம் என்ற அவருடைய முறை கொடைக்கானலில்தான் பெருமளவு உருவானது. ஆசிரியர் பயிற்சியின்போது அவர் பெயரை நாங்கள் மனப்பாடம் செய்தோம். பக்கத்து மலையில் வாழ்ந்தவர் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை!

1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். அவரை விரட்டிய இத்தாலி பிறகு என்ன செய்தது தெரியுமா? தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படத்தை அச்சிட்டது. பின்பக்கத்தில் இருந்தது, படிக்கும் இரண்டு குழந்தைகளின் படம்.