இடையன்குடியில் கால்டுவெல் ஐயர்

தமிழ் கற்பார் எவரும் கால்டுவெல் ஐயரின் பெயரை அறிவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ம் ஆண்டில் வெளிவந்தது என்பதையும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஓரினத்து மொழிகள், வடமொழியினின்று பிறந்தவையல்ல என்று அந்நூல் நிறுவியது என்பதையும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் யாவரும் ஒப்பிப்பர். (சென்னையிலிருந்த எல்லிஸ் துரை 1816-ம் ஆண்டிலேயே இவ்வுண்மையின் அடிப்படையைக் கண்டு எழுதிவிட்டார் என்பதையும் அவர்கள் சேர்த்து ஒப்பித்தல் நலம்.) ஆனால் இந்நூலாசிரியர் நாற்பதாண்டுக்கு மேலாக எவ்வூரில் வாழ்ந்தார், காலையில் எழுந்தால் அவருக்கு என்ன வேலை காத்திருந்தது என்று வினவினால் விடை கூறுவார் மிகச் சிலரே. நிலம் வாங்கித் தெரு வகுத்து, கிணறு எடுத்து, பனையேறும் ஏழைக் குடும்பங்களைக் குடியமர்த்திய ஒரு மிஷனெரியின் வாழ்க்கையே அவருடைய அன்றாட வாழ்க்கை. மொழி ஆராய்ச்சி அதனிடையே கிடைத்த ஓய்வில் செய்த பணியாகும். அவ்வாழ்க்கையைப்பற்றியே நாம் ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

இராபர்ட் கால்டுவெல் அயர்லாந்து தேசத்தில் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ம் நாள் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர்; செல்வர் அல்லர். சிறு பிராயத்திலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிற்று. வாலிபத்தின் தொடக்கத்தில் அவர் டப்ளின் நகரில் ஓவியக்கலை பயின்றார் என்பது கவனிக்கத்தக்கது. அக்கலையை அவர் தொழிலாகக் கொள்ளவில்லையாயினும், கோடு கிழிக்கவும் உருவம் சமைக்கவும் பழகிய கை பின்னாளில் தேரிமணலின் நடுவே பயன்பட்டதை மேலே காண்போம். லண்டன் மிஷன் சங்கத்தார் அவரை ஏற்றுக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கற்பித்தனர். 1838-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவருடன் அதே கப்பலில் பயணஞ்செய்தவர் தெலுங்கறிஞர் சி.பி. பிரவுன் துரை.

சென்னையில் மூன்றாண்டு தங்கித் தமிழ் கற்றபின் அவர் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, எஸ்.பி.ஜி. சங்கத்தின் ஊழியராகத் திருநெல்வேலிக்குச் செல்ல இசைந்தார். 1841-ம் ஆண்டில் சென்னையினின்றும் தெற்கு நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி என வழிநெடுக ஊர்களையும் மக்களையும் கண்டு, நீலகிரிமேல் ஏறி உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாக இறங்கி, ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். வெள்ளைக்கார குருவானவர் ஒருவர் மூட்டை முடிச்சின்றி நடந்து வருவதைக் கண்ட சத்திரத்தார் அவரை எவ்விடத்தில் இருத்துவதென்று திகைத்திருப்பர். அவரோ நடந்து சென்றதனால்தான் தமிழர் நாட்டை அறிய முடிந்தது என்னும் கருத்துடையவர்.

இடையன்குடி திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் கடலுக்கு அணித்தாயுள்ள சிற்றூர். சுற்றிலும் செம்மணல் தேரி. ஆறு இல்லை, நெல்வயல் அருமை. மேல்காற்று வீசும் மாதங்களில் மணல் எழும்பி வீட்டுச் சுவரையும் வேலியையும் மூடும். அம்மண்ணில் தானே நிமிர்ந்து நிற்பது பனை ஒன்றே. பனையை நம்பியே மக்களும் நின்றனர். பதநீர்க் காலத்தில் ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரம் வரை, காலையும் மாலையும் இருமுறை ஏறியிறங்க வேண்டும். இறக்கிய பதநீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது வீட்டுப் பெண்களின் பாடு. ஏறும் மரமும் பலருக்குச் சொந்தமன்று. குடியிருக்கும் மனையும் பலருக்குச் சொந்தமன்று. நிலத்துக்குடையவர் முகஞ்சுளித்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியைக் கூறுதல் அவசியம். திருநெல்வேலியில் புதிதாகக் கிறிஸ்துமார்க்கத்தைத் தழுவிய குடும்பங்கள் முதன்முதல் இழந்தது தத்தம் வீட்டையே. ஊரார் பகை, உடையவர் பகை இரண்டும் சேர்ந்து அவர்களைத் தெருவில் நிறுத்தின. ஆதலால் 1799-ம் ஆண்டில், பாளையங்கோட்டையிலிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவர் உதவிய பணத்தைக் கொண்டு, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் நிலம் வாங்கி ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அவ்வகைக் குடியிருப்புகளுள் முதலாவதானதால் அது முதலூர் எனப் பெயர்பெற்றது. பிற்காலத்தில் இரேனியுஸ் ஐயர் 1830-ம் ஆண்டில் தரும சங்கம் ஒன்றை நிறுவி, நிலமும் மனையும் வாங்கும் இவ்வேலையை ஒழுங்குபடுத்தினார். சங்கத்தின் பொருள் மக்களிடமிருந்தே சேர்ந்தது என்பது அதன் சிறப்பு. கால்டுவெல் ஐயர் வந்து சேர்ந்தபின்னும் இந்தத் தேவை தீரவில்லை. 1845-ம் ஆண்டில் நல்லூர்ச் சுற்றுப்புறத்தில் கிறிஸ்தவர் வீடுகள் பல சூறையாடப்பட்டன. ஆகவே வீடு என்பது அந்நாட்டு மிஷனெரிக்குப் பிரசங்கத்தின் பின்வரும் உபகாரமன்று. அஃதின்றிச் சபையே நில்லாது.

அவர் வருமுன்னரே இடையன்குடியில் ஒரு சிறு சபை இருந்தது. குடிசைகளோ வகையின்றி நெருங்கி, ஒன்றின் கூரை மற்றொன்றைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. மண்சுவர், பனங்கைச் சட்டம், பனையோலைக் கூரை. இவற்றிடையே வழியென்று சொல்லத்தக்கது இல்லை. ஓலைக்கூரைகள் ஒட்டி நின்றால் அடுப்புப் பொறி ஒன்றே ஒரு தெருவை எரித்துவிடும் என்பதைப் பனைநாட்டார்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஐயர் முதலில் நிலத்தை விலைக்கு வாங்கினார். பின் நேர்கோட்டில் தெருக்களை வகுத்து, இருமருங்கும் மனைகளை வரிசையாக அளந்து குடும்பங்களுக்கு விட்டார். வழியோரங்களில் நிழல்மரங்கள் நட்டார்; கிணறுகள் எடுப்பித்தார். மரமும் கிணறும் சிறு காரியமென்று நினைப்போர் வைகாசி ஆனி மாதங்களில் ஒருமுறை அத்தேரியின்மேல் நடந்து பார்க்கட்டும். வேர் ஓடிய இடத்தில்தான் மணல் நிற்கும். நீர் உள்ள இடத்தில்தான் பெண்களின் காலுக்கு ஓய்வு கிடைக்கும்.

வீட்டை மிஷன் கட்டிக் கொடுத்து ஜனங்கள் கைகட்டிக் குடிபுகுந்தார்கள் என்று எண்ணுதல் தவறு. பனைநாட்டில் மண் குழைத்துச் சுவர் வைக்கவும் ஓலை வேயவும் அறியாத ஆடவர் இல்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தது வேறு எவரும் எழுப்பிவிட முடியாத ஒரு மனை. அதைப் பெற்றுத் தருவதே ஐயரின் வேலையாயிற்று. நிலம் வாங்குவதென்றால் உடையவர்களோடு பேச வேண்டும். பத்திரம் எழுத வேண்டும். எல்லைத் தகராறு தீர்க்க வேண்டும். பணத்துக்குச் சங்கத்தார்க்கும் நண்பர்க்கும் கடிதம் எழுத வேண்டும். இவை சரித்திரத்தில் பெயர் பெறாத வேலைகள். ஒரு மிஷனெரியின் ஆயுளில் பெரும்பகுதி இவற்றிலேயே கழிகின்றது.

பனையேறும் பருவத்தில் விடியுமுன்னே ஆடவர் மரத்தின்மேல் இருப்பர். ஆகையால் அம்மக்களுக்கு ஊழியஞ்செய்வோர் ஜெபத்துக்கும் போதனைக்கும் வேளை குறிப்பதற்குப் பனையின் வேளையையே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஐயரும் அதனை அறிந்தார். மணியடித்ததும் கூடுவோருக்கு வேதபாடம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சுற்றூர்களினின்றும் வந்து கூடும் உபதேசிமார்க்கு வகுப்பு, பின் சபையாரின் வழக்குகள், பிணியாளர், கணக்கு, அடுத்த கிராமத்துக்குப் பயணம் என நாட்கள் சென்றன. உடல்நலமோ அவருக்கு எப்போதும் குறைவு. இத்தனைக்கும் இடையில் ஓலைச்சுவடிகளையும் இலக்கண நூல்களையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டாண்டு சேர்த்த குறிப்புகளே, 1854-ம் ஆண்டில் உடல்தேறச் சீமைக்குச் சென்றபோது ஒப்பிலக்கணமாக உருப்பெற்றன.

இவ்வேலையில் பாதியைச் சுமந்தவர் எலைசா அம்மையார். நாகர்கோவில் மிஷனெரியாகிய மால்ட் ஐயரின் மகளாகிய அவரை 1844-ம் ஆண்டில் ஐயர் மணந்தார். அம்மையார் தமிழரிடையே வளர்ந்தவர். பேச்சுத் தமிழ் அவருக்குக் குழந்தைப் பிராயத்திலேயே நாவில் ஏறிற்று. பண்டிதரிடம் கற்ற ஐயருக்கு வீட்டிலேயே ஓர் ஆசிரியை வாய்த்தாள் என்றால் மிகையன்று. அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் பள்ளி நடத்தினார்; நாகர்கோவிலில் தம் தாயார் வளர்த்த பின்னல்வேலையை இடையன்குடிக்குக் கொணர்ந்து லேஸ் பின்னக் கற்பித்தார். கருப்பட்டி விற்ற காசு கடனுக்குப் போய்விடும் நாட்டில், பெண் தன் கையால் ஈட்டிய காசு வீட்டுக்குள் வந்தது. ஐயர் வகுத்த மனைகளின் உள்ளே அடுப்பு எரிந்ததற்கு அம்மையாரின் நூலும் ஒரு காரணம்.

இனி, மறைத்துச் சொல்லத்தகாத ஒன்றையும் சொல்லவேண்டும். 1849-ம் ஆண்டில் ஐயர் திருநெல்வேலிப் பனையேறும் குலத்தாரைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சீமையிலுள்ளோர் மிஷனுக்கு உதவவேண்டும் என்னும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அந்நூலில், அம்மக்களின் பூர்வீகத்தையும் அறிவையும் வழக்கங்களையும் தாழ்த்தியுரைத்த பகுதிகள் உள்ளன. அவர்கள் இலங்கையினின்றும் வந்து குடியேறினோர் என்றும் அவர் எழுதினார். தங்களைப்பற்றி அந்நியர்க்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அக்குலத்தார் அறிந்தது பின்னரே. அறிந்தபோது மனம் கொதித்தனர். நாசரேத்து மிஷனில் பணியாற்றிப் பின் விலக்கப்பட்ட சட்டம்பிள்ளை என்னும் கல்விமான் 1857-ம் ஆண்டில் மேனாட்டு மிஷனெரிமாரைச் சாராத தனிச் சபையொன்றை நிறுவியதற்கு இச்சினமும் ஒரு தூண்டுகோல். 1880-க்குப் பின் நாடார் குலத்தார் இந்நூலை எதிர்த்து வெளிப்படையாகவே கிளர்ச்சி செய்தனர்.

இம்மக்களோடு ஒரே மணலில் வாழ்ந்து, அவர்களுக்கு மனை அளந்து கொடுத்த அதே கை எவ்வாறு அவ்வெழுத்தை எழுதிற்று என்று நாம் வியக்கின்றோம். எழுதியபோது ஐயருக்கு வயது முப்பத்தைந்து. இடையன்குடிக்கு வந்து எட்டாண்டே ஆகியிருந்தது. இளமையென்று சொல்லி அதனைத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. உபகாரம் பெறுவோரைக் கண்முன் வைத்துக்கொண்டு, உபகாரம் செய்வோர்க்கு எழுதும் அறிக்கையில் இக்குற்றம் எளிதிற் புகும். பெறுவோர் அதனை ஒருநாள் படிப்பார்கள் என்பதை எழுதுவோர் எண்ணுவதில்லை. படிக்கக் கற்பித்தவரும் அவர்களே என்பதுதான் இதில் விந்தை. அவர் திறந்த பள்ளிக்கூடங்களில் எழுத்தறிந்த குடும்பங்களின் மக்களே பின்பு அந்நூலுக்கு மறுப்பெழுதும் வல்லமை பெற்றனர்.

வீடுகளுக்கு அடுத்துக் கோயில். பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-ம் ஆண்டில் தொடங்கிற்று. பிரதிஷ்டை நடந்தது 1880-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ம் நாள். இடையில் முப்பத்துமூன்று ஆண்டுகள். பொருள் கிடைத்தபோது சுவர் எழும்பும், கிடையாதபோது நிற்கும். கூர்மாட வளைவுகளை முன் கண்டறியாத கொத்தருக்கும் தச்சருக்கும் ஐயர் தாமே களிமண்ணால் மாதிரி பிடித்துக் காட்டினார். டப்ளினில் பயின்ற கலை வீணாகவில்லை. அவ்வேலை நடந்த காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம் வந்தது. 1877-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றுத் திரும்பிய அவர் கஞ்சிக்கும் கூலிக்கும் வழிதேடும் வேலையிலேயே இறங்கவேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். பசியால் வந்தவர் அவர்களுட் பலர் என்பதை ஐயர் அறியாதவரல்லர். அதற்காக எவரையும் வாசலில் நிறுத்தவுமில்லை.

1883-ம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிமாறிய அவர், 1891-ம் ஆண்டின் தொடக்கத்தில் பதவியினின்று நீங்கிக் கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ம் நாள் அங்கே உயிர் நீத்தார். உடலை மலையினின்றும் இறக்கி, பாளையங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து, இடையன்குடி ஆலயத்தின் பலிபீடத்தின்கீழ் அடக்கஞ்செய்தனர். எலைசா அம்மையார் அவருக்குப்பின் எட்டாண்டு வாழ்ந்து 1899-ம் ஆண்டில் காலமானார்.

1968-ம் ஆண்டில் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுத்தனர். இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லத்தைத் தமிழ்நாட்டு அரசினர் 2011-ம் ஆண்டில் நினைவில்லமாக்கினர். அவ்வில்லத்தைக் காணச் செல்லும் மாணவர்கள் உள்ளே வைத்துள்ள படங்களைப் பார்த்தவுடன் திரும்பிவிடாமல், ஊருக்குள்ளும் சிறிது நடந்து வரவேண்டுமென்பது நம் விருப்பம். ஓலைக்கூரை போய் ஓடும் காரையும் வந்துவிட்டன, பனையேறுவோரும் அருகிவிட்டனர். ஆனாலும் அங்கே ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஒருவர் நூற்றெண்பதாண்டுக்கு முன்னே நின்று யோசித்திருக்கிறார்.