125 நாள் இழுபறி: யார் இந்த நீதிபதி பிராண்டைஸ்?

தனியுரிமை நமது அடிப்படை உரிமை என்று 2017-ல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது நினைவிருக்கலாம். அந்தத் தீர்ப்பில் 1890-ல் வெளியான ஒரு கட்டுரையும் பேசப்பட்டது. எழுதியவர்கள் இரண்டு அமெரிக்க வக்கீல்கள். அதில் ஒருவர் லூயிஸ் பிராண்டைஸ். பிற்பாடு இவரை நீதிபதி ஆக்குவதற்குள் வாஷிங்டனில் நடந்த சண்டை சாதாரணமானது இல்லை.

1856-ல் கென்டக்கி மாகாணத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு, பாஸ்டனில் வக்கீலாக நல்லாவே சம்பாதித்தார். கையில் காசு சேர்ந்ததும் பொதுநல வழக்குகளை ஃபீஸ் வாங்காமலே நடத்த ஆரம்பித்தார். ரயில்வே, இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு நேரடி மோதல். 1908-ல் பெண் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைத்த ஒரேகான் மாகாணச் சட்டத்துக்காக இவர் கொடுத்த மனு 100 பக்கத்துக்கும் மேல். அதில் சட்ட வாதம் சில பக்கம்தான். மீதியெல்லாம் டாக்டர்கள், தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள். ஜெயித்தார்.

இப்படிப்பட்டவரை 1916 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார் அதிபர் உட்ரோ வில்சன். அமெரிக்காவில் அதிபர் பெயரைச் சொல்லலாம், அவ்வளவுதான். செனட் சரி என்றால்தான் பதவி. முதலில் நீதித்துறைக் குழு அலசும், பிறகு சபையில் ஓட்டெடுப்பு. உச்ச நீதிமன்றப் பரிந்துரை ஒன்றுக்காக அந்தக் குழு முதல்முறையாகப் பொது விசாரணை வைத்தது இவருக்குத்தான். சாட்சிகள் வரிசையாக வந்து இவரைப் பற்றிப் பேசினார்கள். ஆனா இவர் அங்கே இல்லை! பரிந்துரைக்கப்பட்டவரே குழு முன் வந்து பதில் சொல்வது 1925-ல்தான் தொடங்கியது.

முன்னாள் அதிபர் டாஃப்ட் எதிர்த்தார். ஹார்வர்டின் தலைவர் லோவலும் பாஸ்டன் பிரமுகர்களும் சேர்ந்து 55 பேர் எதிர்ப்பு மனு போட்டார்கள். வெளியே சொன்ன காரணம், தொழில் நேர்மை போதாது என்பது. உள்ளே இருந்தது கம்பெனிகளின் கோபமும், யூதர் என்ற வெறுப்பும்.

குழுவில் 10-க்கு 8. கட்சி வாரியாக அப்படியே பிரிந்த ஓட்டு. ஜூன் 1-ல் செனட்டில் 47-க்கு 22. ஆக, 125 நாள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி ஆனார் பிராண்டைஸ்.

1921-ல் அதே நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? அதே டாஃப்ட்! 1928-ல் போன் ஒட்டுக்கேட்பு வழக்கு வந்தது. வாரன்ட் இல்லாமல் போலீஸ் ஒட்டுக்கேட்டாலும் அரசியல் சட்டத்தை மீறியதாகாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டாஃப்ட். மீறல்தான் என்று மாறுபட்டு எழுதினார் பிராண்டைஸ்.

1939-ல் ஓய்வு, 1941-ல் மரணம். 1967-ல் அந்த ஒட்டுக்கேட்புத் தீர்ப்பைக் கைவிட்டு, பிராண்டைஸ் சொன்ன பக்கம் வந்து நின்றது நீதிமன்றம்.