அன்னை சாரதாதேவியார் (1853 – 1920)

மாணவர்களே, தோட்டத்து மாரியம்மனைத் தாயாகவே வணங்குகிறீர்கள். அத்தாயைச் சமைத்துப் பரிமாறும் ஒரு பெண்ணிலும் காணலாமா? சாரதாதேவியாரின் வரலாற்றைப் படியுங்கள்.

இவர் வங்காளத்தில் ஜெயராம்பாடி என்னும் கிராமத்தில் பிறந்தார். 1859 இல், ஐந்து வயதில், இராமகிருஷ்ணருக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். கணவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசவே, 1872 இல் தந்தையுடன் தட்சிணேசுவரம் காளி கோயிலுக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். அங்கே ஓரிரவு இராமகிருஷ்ணர் இவரைப் பீடத்தில் இருத்தித் தேவியாகவே பூசித்தார். இதுவே சோடசி பூசை. அதன் பின்னரும் இவர் ஒரு சிற்றறையில் தங்கி, கணவருக்கும் அடியார்களுக்கும் சமைத்தார்.

1886 இல் கணவர் மறைந்தபின் கீரையும் சோறும் உண்டு வறுமையில் வாழ்ந்தார்.

ஜெயராம்பாடியில் சாதிக் கட்டுப்பாடு கடுமையானது. அம்ஜத் என்னும் முஸ்லிம் தொழிலாளிக்கு மருமகள் தூரநின்று உணவை எறிந்தாள். அன்னையார் அவளைக் கடிந்து, தாமே அருகிருந்து பரிமாறினார். எச்சில் இடத்தையும் தாமே துடைத்தார். விதவையான அந்தணப் பெண்ணுக்கு அக்காலத்தில் இது சிறிய செயலன்று. பலர் சோடசி பூசையுடன் விடையை நிறுத்திவிடுகின்றனர். இந்நிகழ்ச்சியையும் தவறாது எழுதுங்கள்.

அன்னையார் 1920 யூலை 20 இல் கல்கத்தாவில் மறைந்தார். பெண் துறவியரே நடத்தும் சாரதா மடம் 1954 இல் இவர் பெயரால் தொடங்கப்பட்டது.