பூட்டுத் தொழிலாளியின் மகன் தந்த மின்கணக்கு

மின்தடையின் அளவு ஓம் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னதும், அதை மந்திரச் சொல்லாக நினைத்துச் சிரிக்கும் பிள்ளைகள் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். ஜெர்மனியில் பூட்டு செய்து பிழைத்த ஒருவரின் மகன், ஜார்ஜ் சைமன் ஓம். வீட்டுக்கு வரும் வயர்மேன் முதல் பொறியியலாளர் வரை எல்லாரும் போடும் கணக்கு அவர் கண்டறிந்தது. ஆனால், அது கணக்குதான் என்று உலகம் ஒப்புக்கொள்ள அவர் பல ஆண்டுகள் காத்திருந்தார்.

1789 மார்ச் 16ஆம் தேதி எர்லாங்கன் நகரில் ஓம் பிறந்தார். தாயார் ஒரு தையற்காரரின் மகள். ஏழு பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் வளர்ந்து ஆளானவர்கள் மூவர் மட்டுமே. ஓமுக்குப் பத்து வயதானபோது தாயாரும் இறந்துபோனார். தந்தை முறையாகப் பள்ளிப் படிப்பு படித்தவர் அல்லர். இருந்தாலும், தாமே புத்தகங்களைத் தேடிப் படித்து, கணிதத்தையும் அறிவியலையும் தம் இரண்டு மகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தம்பி மார்ட்டினும் பின்னாளில் கணிதப் பேராசிரியரானார்.

1805இல் ஓம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுது போனது. தமக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணாக்குகிறானே என்று தந்தைக்குக் கடுங்கோபம். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. ஓம் சுவிட்சர்லாந்துக்குப் போய்ப் பள்ளியில் கணிதம் கற்பித்தார். அங்கே தனியாகப் படித்துத் தேறி, ஊர் திரும்பி 1811இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, ஆனால் வருமானம் போதவில்லை. பல்கலைக்கழகத்தை விட்டுச் சாதாரணப் பள்ளிகளில் வேலை பார்த்தார். வடிவியல் பற்றி ஒரு நூல் எழுதிப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பி வைத்தார். அதன் பயனாக 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியர் பணி கிடைத்தது. அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. ஓமின் வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்க்க அவர் முனைந்தார். ஆனால் அக்கால மின்கலங்கள் அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழந்தன. வேறொரு வழி கிடைத்தது. செம்பையும் பிஸ்மத் உலோகத்தையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாட்டால் சிறிதளவு மின்சாரம் பிறந்தது. அது ஏறாமல் இறங்காமல் சீராக இருந்தது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றிப் பொருத்தினார். காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். எண்களுக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது.

இன்று நாம் சொல்லும் முறையில் அந்த விதி இதுதான்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 10 ஆம்பியர் எடுத்தால், 230ஐப் பத்தால் வகுக்க வேண்டும். அதன் மின்தடை 23 ஓம்.

இதை விளக்கி 1827இல் ஓம் நூல் வெளியிட்டார். பாராட்டு வரவில்லை. மின்சாரத்தைக் கணக்கில் அடக்கிக் காட்டுவதை அன்றைய ஜெர்மன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவியும் கிடைக்கவில்லை. மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் கணிதம் கற்பித்துக் காலத்தை ஓட்டினார். 1833இல் நூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் வேலை கிடைத்தது.

மதிப்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி தனது உயரிய கோப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டில், இங்கிலாந்தில் மதுபான ஆலை உரிமையாளர் ஒருவரின் மகனான ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பத்துக்கும் கணக்கு தந்தார். மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் மின்தடையால் பெருக்க வேண்டும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினாலும் அதே விடைதான். கெட்டிலுக்கு 230ஐப் பத்தால் பெருக்கினால் 2300 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் மின்கட்டணத்தில் 2.3 யூனிட் ஏறும்.

இந்தக் கணக்கு கட்டணத்தோடு நிற்பதில்லை, உயிரையும் காக்கும். 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 2990 வாட். அதில் நீட்டிப்பு வயர் போட்டுக் கெட்டிலையும் அயர்ன் பெட்டியையும் ஒன்றாக ஓட்டினால், வயர் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். தளர்ந்துபோன ஓர் இணைப்பில் அரை ஓம் மின்தடை இருந்தாலே போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு இடத்தில் 50 வாட் வெப்பம் கூடும். பிளாஸ்டிக்கை உருக்க அது போதுமானது. பிளக் சுட்டாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே சுவிட்சை அடைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிட வேண்டும் என்பது இதனால்தான்.

இளமையில் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக் நகரில் ஓமுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் தேதி காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1881இல் பாரிஸில் கூடிய உலக மின்னியல் மாநாடு, மின்தடை அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அந்தப் பூட்டுத் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த பாடம், இன்று உலகெங்கும் மின்சாரம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது.