மீண்டும் கடல் கடந்து வந்த மறைசாட்சி: ஓரியூர் புனித அருளானந்தர்



கோடை விடுமுறையில் ஆர்.எஸ்.மங்கலம் பகுதிக்குப் பலர் வருகின்றனர். காரங்காட்டில் படகேறி அலையாத்திக் காடுகளைக் காண்கின்றனர். தொண்டி, தேவிபட்டினம் கடற்கரைகளில் குடும்பத்தோடு காற்று வாங்குகின்றனர். அவர்களில் பலர் கடலை விட்டுச் சற்று உள்ளே அமைந்துள்ள ஓரியூருக்கும் சென்று, அங்குள்ள செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். அந்த மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

ஜான் டி பிரிட்டோ 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் துறைமுக நகரான லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றபோது, அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். நலமடைந்த சிறுவன் ஓராண்டு முழுவதும் இயேசு சபையினரின் அங்கியை அணிந்தான். பின்னர் 1662-இல் அச்சபையிலேயே சேர்ந்தார்.

1673-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். காவி உடுத்தி, புலால் தவிர்த்து, பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார். அருளானந்தர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

1686-இல் மறவ நாட்டில் அவரும் உபதேசியார்களும் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு உள்ளாயினர். கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் போதிக்கக்கூடாது எனக் கட்டளையிட்டார். சபைப் பணிக்காக அவர் ஐரோப்பா அனுப்பப்பட்டார். அவருடைய இளமைத் தோழர் அப்போது அரசராகியிருந்தார். அவரைத் தம்முடனே இருத்திக்கொள்ள அரசர் விரும்பினார். மரியாதையும் பாதுகாப்பும் அங்கே காத்திருந்தன. அருளானந்தரோ 1690-இல் மீண்டும் கப்பலேறினார். தடைவிதிக்கப்பட்ட மறவ நாட்டுக்கே திரும்பினார்.

நோயுற்றிருந்த தடியத்தேவர் என்னும் மறவ இளவரசர், உபதேசியார் ஒருவரின் செபத்தால் நலம் பெற்றார். 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவரான கடலை, சேதுபதியின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். வாழ்வை இழந்து நின்ற அந்தப் பெண்ணின் வேதனையையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார்.

இராமநாதபுரத்திலிருந்து அவர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரியைக் குழைத்து மையாக்கி, தம் சகோதரக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், திருநீற்றுப் புதனன்று, பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. 1853-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

முதன்முறை வந்தபோது இந்நாட்டின் துன்பங்களை அவர் அறிந்திருக்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது, கசையடியையும் சிறையையும் நன்கு அறிந்தே வந்தார். நாமும் ஒருமுறை அவமானப்பட்ட இடத்திற்கு, கைவிட்ட பணிக்கு, பேசாமல் விலகிய உறவுக்குத் திரும்பிச் செல்லத் தயங்குகிறோம். இக்கோடையில் ஓரியூர் செல்லும்போது, அவ்வாறு திரும்பிச் செல்லும் துணிவை அப்புனிதரின் பரிந்துரையால் இறைவனிடம் கேட்டு மன்றாடுவோம்.