கொல்லன் மகன் கொணர்ந்த ஒளி

விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது, ஆலையிலே இயந்திரம் சுழல்கிறது. இதற்கு வழிகண்டவன் மாளிகையிலே பிறந்த சீமானா? அல்ல, தோழர்களே! 1791இல், இலண்டன் அருகே, ஏழைக் கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்த மைக்கேல் பாரடே!

பள்ளிப் படிப்பு சொற்பம். பதினான்கு வயதிலே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். ஏழாண்டுகள்! பகலிலே ஏட்டுக்கு அட்டை கட்டினான். ஓய்விலே அந்த ஏட்டையே படித்தான். கையிலிருந்த சில்லறையில் சாமான் வாங்கிச் சோதனை செய்தான். 

1812இல் வாடிக்கையாளர் ஒருவர் தந்த அனுமதிச் சீட்டோடு விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டான். குறிப்பெடுத்தான்; தன் கையாலேயே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினான். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாள் வேலை கிடைத்தது. சீட்டு பிறர் தந்தது. தகுதி அவன் தேடியது!

டேவியுடன் ஐரோப்பா சென்றபோது, ஏவல் வேலையும் அவன் தலையிலே விழுந்தது. அவமதிப்பைப் பொறுத்தான், அறிவைப் பெருக்கினான். காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமென 1820களில் முயன்றான், தோற்றான், மீண்டும் முயன்றான். 1831இல் வென்றான்! மின் நிலையத்து ஜெனரேட்டர் இன்றும் அந்தத் தத்துவத்தில்தான் சுழல்கிறது.

உலகம் 1831ஐப் போற்றுகிறது. நாமோ, அட்டை கட்டிய அந்த ஏழாண்டை எண்ணுகிறோம். ஆலைச் சங்கு ஊதியபின் எஞ்சும் ஒரு மணி நேரம் நமக்கும் உண்டன்றோ?